ஆர்க்கைவ் லாக் தகராறுகள்: ஆரக்கிள் தரவுத்தளத்தில் அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

ஆரக்கிள் தரவுத்தளம் நின்றுவிட்டது என்று யாராவது அழைத்தால், ஆர்க்கைவ் லாக் (தரவுத்தளத்தின் மாற்றங்களைப் பதியும் ரீடோ லாக் கோப்புகளின் சேமித்த நகல்) போய்ச் சேரும் இடத்தில் காலி இடம் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும். அடுத்து எதிர்முனையிலிருந்து வரும் கேள்வியும் மாறுவதில்லை: "பேசாமல் ஆர்க்கைவ் லாக்கையே ஆஃப் செய்துவிடலாமா, சார்?" வேண்டாம். அதற்காகத் தரவுத்தளத்தை ஒருமுறை முழுதாக நிறுத்த வேண்டும். கடைசி பேக்கப்புக்குப் பிறகு நடந்த பரிவர்த்தனைகளை மீட்கும் வழியும் அத்தோடு அடைபட்டுவிடும். இடப் பற்றாக்குறைக்கு அவ்வளவு பெரிய விலை கொடுக்கத் தேவையில்லை.

கீழே உள்ளவை லினக்ஸ் சர்வரில் ஓடும் 11ஜி ஆர்2 முதல் 19சி வரையிலான பதிப்புகளுக்கானவை. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் இரண்டு இடங்களைப் பார்க்காமல் எதிலும் கை வைக்க வேண்டாம். ஒன்று, எஸ்க்யூஎல்பிளஸ் என்ற கட்டளைக் கருவியில் சிஸ்டிபிஏவாக (முழு நிர்வாக உரிமையோடு) நுழைந்து தட்டும் இந்தக் கட்டளை:

ஆர்க்கைவ் லாக் லிஸ்ட்

அது தரும் முதல் மூன்று வரிகள் போதும். "டேட்டாபேஸ் லாக் மோட்" என்பதற்கு எதிரே "ஆர்க்கைவ் மோட்" அல்லது "நோ ஆர்க்கைவ் மோட்" என்று இருக்கும். அடுத்த வரி தானியங்கிச் சேமிப்பு இயங்குகிறதா என்று சொல்லும். மூன்றாவது வரியில் சேருமிடம் இருக்கும். அங்கே "யூஸ்_டிபி_ரெகவரி_ஃபைல்_டெஸ்ட்" என்று வந்தால், கோப்புகள் ரெகவரி ஏரியாவுக்கு (மீட்புக்கான கோப்புகளுக்கென ஒதுக்கிய இடத்துக்கு) போகின்றன என்று பொருள். இரண்டாவது இடம் அலர்ட் லாக், அதாவது தரவுத்தளம் தன் பிழைகளையும் முக்கிய நிகழ்வுகளையும் எழுதிவைக்கும் கோப்பு. அது எந்த அடைவில் இருக்கிறது என்பதை வி$டயக்_இன்ஃபோ காட்டும் (வி$ என்று தொடங்குபவை தரவுத்தளத்தின் நிலையைக் காட்டும் உள் பட்டியல்கள்). திரையில் தெரியும் பிழை பாதிதான், மீதி அலர்ட் லாக்கில் இருக்கும்.

அறிகுறி 1: யாரும் உள்ளே நுழைய முடியவில்லை, ஓஆர்ஏ-00257 வருகிறது

ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களின் திரை உறைந்து நிற்கும். புதிதாக நுழைபவர்களுக்கு ஆர்க்கைவர் (ரீடோ லாக்கை நகலெடுக்கும் செயல்முறை) பிழை என்ற செய்தி வரும். மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு ஓடும் இரவுகளில் இது அதிகம். ரீடோ லாக் குழுக்கள் எல்லாம் நிரம்பி, எதையும் நகலெடுத்து வைக்க இடமில்லாததால் ஆரக்கிள் வேண்டுமென்றே நிற்கிறது. தரவு எதுவும் கெட்டுவிடவில்லை. ஆகவே பதற்றத்தில் ஷட்டவுன் அபார்ட் கொடுக்காதீர்கள். சிஸ்டிபிஏவாக நுழைய இப்போதும் வழி இருக்கிறது.

*ரெகவரி ஏரியாவின் வரம்பு மட்டும் நிரம்பியிருக்கிறதா?*

அலர்ட் லாக்கில் ஓஆர்ஏ-19815 எச்சரிக்கையும் அதன் பின்னாலேயே ஓஆர்ஏ-19809-உம் இருந்தால் இதுதான். அந்த எச்சரிக்கை வரி, "டிபி_ரெகவரி_ஃபைல்_டெஸ்ட்_சைஸ் 53687091200 பைட், 100.00% பயன்பட்டுவிட்டது, மீதி 0" என்ற பாணியில் இருக்கும். அந்த நீளமான எண் 50 ஜிபி. இது யாரோ ஒருவர் நிறுவும்போது எழுதிவைத்த வரம்புதான். டிஸ்கின் கொள்ளளவு வேறு. டிஎஃப் கட்டளையில் 200 ஜிபி காலியாக இருப்பதாகத் தெரியும்போதும் தரவுத்தளம் நின்றுபோவது இதனால்தான். டிஸ்கில் உண்மையிலேயே இடம் இருந்தால்:

ஆல்டர் சிஸ்டம் செட் டிபி_ரெகவரி_ஃபைல்_டெஸ்ட்_சைஸ் = 100ஜி

மறுதொடக்கம் தேவையில்லை. சிறிது நேரத்தில் திரைகள் உயிர்பெறும். ஏஎஸ்எம் (டிஸ்குகளை ஆரக்கிளே நிர்வகிக்கும் முறை) டிஸ்க் குழுவில் இருப்பவர்கள் முதலில் வி$ஏஎஸ்எம்_டிஸ்க்குரூப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குழுவில் இல்லாத இடத்தை வரம்பாக எழுதிவைப்பதில் பயனில்லை.

இது மூச்சுவிட நேரம் வாங்கும் வேலை மட்டுமே. ஏரியா ஏன் நிரம்பியது என்று பார்க்காமல் போனால் அடுத்த மாதக் கடைசியில் இதே அழைப்பு வரும்.

*எது நிரப்புகிறது?*

வி$ரெகவரி_ஏரியா_யூசேஜைக் கேளுங்கள். கோப்பு வகைவாரியாக எத்தனை சதவீதம் பயன்பட்டிருக்கிறது, அதில் எவ்வளவை ஆரக்கிளே விடுவித்துக்கொள்ள முடியும் என்ற இரண்டையும் அது காட்டும். இரண்டாவது எண்ணைத்தான் பலர் பார்ப்பதில்லை. பயன்பட்டது 95%, விடுவிக்கக்கூடியது 60% என்றால் கவலை வேண்டாம்: பேக்கப் எடுத்து முடித்த கோப்புகளை ஆரக்கிள் தேவைப்படும்போது தானே நீக்கிக்கொள்ளும். ஆர்க்கைவ் லாக் வரிசையில் பயன்பட்டது 91%, விடுவிக்கக்கூடியது 0 என்றிருந்தால் பேக்கப் வேலை ஓடவில்லை என்று பொருள். கிரான்டேபை (நேரப்படி வேலைகளை ஓட்டும் லினக்ஸ் அட்டவணையை) மாற்றியவர் யார், ஸ்கிரிப்டின் கடவுச்சொல் காலாவதியானதா என்று பாருங்கள். உடனடி நிவாரணத்துக்கு, ஆரக்கிளின் பேக்கப் கருவியான ஆர்மேனில்:

பேக்கப் ஆர்க்கைவ்லாக் ஆல் டிலீட் இன்புட்

இதில் ஒரு பொறி உண்டு. சேருமிடம் குறிப்பிடாவிட்டால், டிஸ்குக்கு எடுக்கும் பேக்கப்பும் அதே ரெகவரி ஏரியாவுக்குள்தான் எழுதப்படும். நிரம்பிய இடத்துக்குள்ளேயே எழுத முயன்று அதுவும் தோற்கும். ஃபார்மட் கொடுத்து வேறு டிஸ்குக்குத் திருப்பிவிடுங்கள்.

*யாராவது ஆர்எம் கொடுத்து அழித்துவிட்டார்களா?*

"பழைய கோப்புகளை எல்லாம் அழித்துவிட்டேன், ஆனாலும் 100% என்றே காட்டுகிறது" என்று சொன்னால் இதுதான் நடந்திருக்கிறது. கோப்பை நீங்கள் அழித்தாலும், கன்ட்ரோல் கோப்பில் (தரவுத்தளம் தன் கோப்புகளின் விவரத்தை வைத்திருக்கும் கோப்பு) இருக்கும் கணக்கு அப்படியே நிற்கும். ஆர்மேனில் இந்த இரண்டையும் வரிசையாகக் கொடுங்கள்:

க்ராஸ்செக் ஆர்க்கைவ்லாக் ஆல்
டிலீட் எக்ஸ்பயர்டு ஆர்க்கைவ்லாக் ஆல்

கணக்கு உடனே இறங்கும். ஆனால் அழித்த கோப்புகளுக்குப் பேக்கப் இல்லையென்றால் மீட்புச் சங்கிலி அறுந்துவிட்டது. அன்றைக்கே முழு பேக்கப் எடுங்கள், நாளைக்குத் தள்ளாதீர்கள். க்ராஸ்செக் செய்யாமல் விட்டால் அடுத்த பேக்கப் ஆர்மேன்-06059 பிழையோடு விழும். கோப்புகளை அழித்தவர் பெரும்பாலும் அந்தப் பிழையைப் பார்த்த பிறகுதான் அழித்ததை ஒப்புக்கொள்வார்.

*சேருமிடமே பழுதா?*

வி$ஆர்க்கைவ்_டெஸ்ட்டில் ஸ்டேட்டஸ், எரர் ஆகிய இரு நெடுவரிசைகளைப் பாருங்கள். அலர்ட் லாக்கில் லினக்ஸ் பிழை 28 என்றால் டிஸ்க் உண்மையிலேயே நிரம்பியிருக்கிறது. 13 என்றால் அனுமதிப் பிரச்சினை: அடைவின் உரிமையாளர் ஆரக்கிள் பயனராக இல்லாமல் ரூட்டாக மாறியிருக்கும். என்எஃப்எஸ் (வலைப்பின்னல் வழி டிஸ்க்) இணைப்பு அறுந்திருந்தாலும் இங்கே தெரியும்.

சரிசெய்த பிறகும் தரவுத்தளம் நகரவில்லையே என்று திகைக்க வேண்டாம். தோற்றுப்போன சேருமிடத்தை ஆரக்கிள் மறுபடி முயல்வதற்கு இயல்பாக 300 விநாடி எடுத்துக்கொள்ளும். காத்திருக்க மனமில்லாவிட்டால் லாக்_ஆர்க்கைவ்_டெஸ்ட்_ஸ்டேட்_1-ஐ ஒருமுறை டிஃபர், பிறகு எனேபிள் என்று மாற்றுங்கள்.

*ஃப்ளாஷ்பேக் லாக் இடத்தைத் தின்கிறதா?*

யூசேஜ் பட்டியலில் ஃப்ளாஷ்பேக் லாக் (தரவுத்தளத்தைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் பதிவு) வரிசை பெரிதாக இருந்தால் வி$ரெஸ்டோர்_பாயின்ட்டைப் பாருங்கள். மென்பொருள் மேம்படுத்தலுக்கு முன்பு பாதுகாப்புக்காக உறுதியளிக்கப்பட்ட ரெஸ்டோர் பாயின்ட் (திரும்பிப்போகக் குறித்துவைத்த இடம்) ஒன்றை உருவாக்கியிருப்பார்கள். மேம்படுத்தல் நல்லபடியாக முடிந்ததும் அதை எல்லோரும் மறந்திருப்பார்கள். அது இருக்கும்வரை ஃப்ளாஷ்பேக் லாக்குகளை ஆரக்கிள் நீக்காது. உருவாக்கியவரைக் கேட்டு உறுதிசெய்துகொண்டு ட்ராப் செய்யுங்கள்.

*ஆர்மேன் நீக்க மறுக்கிறதா?*

ஆர்மேன்-08137 அல்லது 08120 வந்தால், ஸ்டாண்ட்பை தரவுத்தளத்துக்கு (மூலத்தின் மாற்றங்களைப் பின்தொடரும் மாற்று நகலுக்கு) அந்தக் கோப்புகள் இன்னும் தேவை. ஃபோர்ஸ் சேர்த்து நீக்க முடியும்தான். நீக்கினால் ஸ்டாண்ட்பையில் ஒரு பள்ளம் விழும், அதைத் திரும்பக் கட்டியெழுப்பும் வேலை உங்கள் தலையில் விழும். முதலில் ஸ்டாண்ட்பை ஏன் பின்தங்கியது என்று பாருங்கள்.

இத்தனையும் சரியாக இருந்து, இடம் மட்டும் தொடர்ந்து போதாமல் போனால், பரிவர்த்தனை அளவே கூடியிருக்கிறது. வி$ஆர்க்கைவ்டு_லாக்கை நாள்வாரியாகக் கூட்டிப் பார்த்து, எந்த நாளில் ஏறத் தொடங்கியது என்று கண்டுபிடியுங்கள். புதிய ரிப்போர்ட்டிங் வேலை ஏதாவது முழு டேபிளையும் தினமும் அழித்து நிரப்புகிறதா என்றும் பாருங்கள். டிஸ்க் வாங்கும் பேச்சு இதற்கெல்லாம் பிறகுதான்.

*நிபுணரை அழைக்க வேண்டிய இடம்:* அலர்ட் லாக்கில் ஓஆர்ஏ-00353 அல்லது 00354 தென்பட்டால் கையை எடுத்துவிடுங்கள். ஆன்லைன் ரீடோ லாக்கே சிதைந்திருப்பதால்தான் ஆர்க்கைவர் நிற்கிறது. இணையத்தில் தேடினால் "கிளியர் அன்ஆர்க்கைவ்டு லாக்ஃபைல்" என்று ஒரு கட்டளை கிடைக்கும். அது தரவுத்தளத்தை ஓடவைக்கும். பதிலாக, அந்த லாக்கில் இருந்ததைத் தாண்டி பழைய பேக்கப்பிலிருந்து மீட்கவே முடியாதபடி செய்துவிடும். அந்த முடிவை ஆரக்கிள் ஆதரவுப் பிரிவோடோ அனுபவமுள்ள தரவுத்தள நிர்வாகியோடோ பேசிவிட்டு எடுங்கள்.

அறிகுறி 2: பேக்கப் ஓஆர்ஏ-19602 என்று சொல்லி நிற்கிறது

தரவுத்தளம் நோ ஆர்க்கைவ் மோடில் இருக்கிறது. திறந்திருக்கும் தரவுத்தளத்தை அந்த நிலையில் ஆர்மேன் பேக்கப் எடுக்காது. "ஆல்டர் சிஸ்டம் ஆர்க்கைவ் லாக் கரண்ட்" கொடுத்து ஓஆர்ஏ-00258 வந்தாலும் நோய் இதுதான்.

இங்கே எப்படி வந்தது? பெரும்பாலும் யாரும் ஆன் செய்யவே இல்லை. தனியாகக் குறிப்பிடாவிட்டால் புதிய தரவுத்தளம் நோ ஆர்க்கைவ் மோடில்தான் பிறக்கிறது. அடுத்த சாத்தியம், பெரிய தரவேற்றம் ஒன்றுக்காக ஆஃப் செய்தவர் திரும்ப ஆன் செய்ய மறந்திருப்பார். அலர்ட் லாக்கில் "நோஆர்க்கைவ்லாக்" என்று தேடினால் நாளும் நேரமும் கிடைக்கும். மூன்றாவது, கன்ட்ரோல் கோப்பை மறுபடி உருவாக்கியபோது அந்த ஸ்கிரிப்டில் நோஆர்க்கைவ்லாக் என்ற சொல் இருந்திருக்கும். குளோன் செய்த சர்வர்களில் இது சகஜம்.

ஆன் செய்யும் முன் எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்கிடுங்கள். ஆர்க்கைவ் இல்லாத நிலையிலும் வி$லாக்_ஹிஸ்டரி ஒவ்வொரு லாக் மாற்றத்தையும் பதிந்துவைக்கிறது. ஒரு நாளின் மாற்றங்களை ரீடோ லாக்கின் அளவால் பெருக்கினால் அன்றைய உச்ச மதிப்பு வந்துவிடும். ஒரு நாளில் 120 மாற்றம், லாக் 200 எம்பி என்றால் ஏறத்தாழ 24 ஜிபி. இரண்டு மூன்று நாள் பேக்கப் தவறினாலும் தாங்கும் அளவுக்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள், மாதக் கடைசி நாளை வைத்துக் கணக்கிடுங்கள்.

பிறகு:

ஷட்டவுன் இம்மீடியட்
ஸ்டார்ட்டப் மவுண்ட்
ஆல்டர் டேட்டாபேஸ் ஆர்க்கைவ்லாக்
ஆல்டர் டேட்டாபேஸ் ஓபன்

திறந்ததும் "ஆல்டர் சிஸ்டம் ஸ்விட்ச் லாக்ஃபைல்" ஒருமுறை கொடுத்து, வி$ஆர்க்கைவ்டு_லாக்கில் புதிய வரி விழுகிறதா, டிஸ்கில் கோப்பு இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். உடனே முழு பேக்கப்பும் எடுங்கள். மோட் மாறுவதற்கு முன்பு எடுத்த பேக்கப்போடு இனி வரும் ஆர்க்கைவ் லாக்குகளைக் கோத்து மீட்டுவிடலாம் என்று நம்பியிருக்கக் கூடாது.

இன்றைக்கு நிறுத்த அனுமதி இல்லை, இரவில் கிடைக்கும் என்றால், அந்த இரவிலேயே மவுண்ட் நிலையில் (தொடங்கியும் பயனர்களுக்குத் திறக்காத நிலையில்) வைத்து ஒரு பேக்கப் எடுத்துவிடுங்கள். நோ ஆர்க்கைவ் மோடிலும் அது செல்லும்.

அறிகுறி 3: ஆன் செய்யும் கட்டளையே தோற்கிறது

*ஓஆர்ஏ-01126 வந்தால்:* தரவுத்தளம் திறந்தே இருக்கிறது. நிறுத்தி மவுண்ட் நிலைக்குக் கொண்டுவாருங்கள். மவுண்ட் நிலையில்தான் இருக்கிறோம், ஆனாலும் வருகிறது என்றால் அது ஆர்ஏசி (ஒரே தரவுத்தளத்தைப் பல சர்வர்கள் ஓட்டும் அமைப்பு): இன்னொரு நோடில் (சர்வரில்) அதே தரவுத்தளம் திறந்திருக்கும். எஸ்ஆர்விசிடிஎல் கொண்டு எல்லா இன்ஸ்டன்ஸையும் நிறுத்தி, ஒன்றை மட்டும் மவுண்ட் செய்து மோடை மாற்றுங்கள். கிளஸ்டர்_டேட்டாபேஸை ஃபால்ஸ் ஆக்கச் சொல்லும் பழைய குறிப்புகள் 10ஜி ஆர்2-வுக்கு முந்தையவை. இப்போது அது தேவையில்லை.

*ஓஆர்ஏ-65040 வந்தால்:* நீங்கள் பிளக்கபிள் தரவுத்தளத்துக்குள் (பிடிபி: கன்டெய்னர் என்ற பெரிய தரவுத்தளத்துக்குள் இருக்கும் ஒன்று) நின்றுகொண்டு கேட்கிறீர்கள். ஆர்க்கைவ் மோட் என்பது கன்டெய்னர் முழுமைக்கும் ஒன்றே. கன்டெய்னரின் ரூட்டுக்குப் போய்ச் செய்யுங்கள். உள்ளே இருக்கும் எல்லா பிடிபிகளும் சேர்ந்து நிற்கும் என்பதால் அவற்றின் பயனர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

*ஓஆர்ஏ-00265 வந்தால்:* தரவுத்தளம் முறையாக நிறுத்தப்படவில்லை. ஷட்டவுன் அபார்ட்டோ ஸ்டார்ட்டப் ஃபோர்ஸ் மவுண்டோ கொடுத்திருப்பீர்கள், அல்லது மின்சாரம் போயிருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. "ஆல்டர் டேட்டாபேஸ் ஓபன்" கொடுத்து முழுதாகத் திறக்கவிடுங்கள், அது தன்னைத்தானே மீட்டுக்கொள்ளும். பிறகு ஷட்டவுன் இம்மீடியட், ஸ்டார்ட்டப் மவுண்ட் என்று மறுபடி தொடங்குங்கள். திறக்கவே மறுத்து டேட்டா கோப்புக்கு மீட்பு வேண்டும் என்று கேட்டால் அது வேறு நோய். அங்கே நிறுத்தி ஆள் தேடுங்கள்.

*ஷட்டவுன் இம்மீடியட் முடியவே இல்லையென்றால்:* பெரிய பரிவர்த்தனை ஒன்று பின்வாங்கிக்கொண்டிருக்கலாம். அலர்ட் லாக்கைப் பார்த்துக்கொண்டே பொறுமையாக இருங்கள். நிறுத்தும் முன்பே வி$டிரான்ஸாக்‌ஷனில் என்ன ஓடுகிறது என்று பார்த்திருந்தால் இந்தக் காத்திருப்பு பெரும்பாலும் மிச்சமாகியிருக்கும். பொறுமை இழந்து அபார்ட் கொடுத்தால் 00265-க்கு வந்து நிற்பீர்கள்.

அறிகுறி 4: ஆன் ஆகிவிட்டது, கோப்புகள் நினைத்த இடத்தில் இல்லை

ரெகவரி ஏரியாவும் வைக்கவில்லை, லாக்_ஆர்க்கைவ்_டெஸ்ட்_1-உம் வைக்கவில்லை என்றால் கோப்புகள் ஆரக்கிள் ஹோமுக்குள் டிபிஎஸ் அடைவில் குவியும். மென்பொருள் இருக்கும் பார்ட்டிஷனே நிரம்பும்வரை யாருக்கும் தெரியாது. சேருமிடத்தை இப்போதே அமைத்துவிடுங்கள். தரவுத்தளத்தை நிறுத்த வேண்டியதில்லை.

இன்னொரு குழப்பம்: ரெகவரி ஏரியா 0% என்று காட்டும், டிஸ்க் நிரம்பிக்கொண்டே இருக்கும். லாக்_ஆர்க்கைவ்_டெஸ்ட்_1-இல் யாரோ நேரடியாக ஓர் அடைவை எழுதியிருப்பார்கள். அப்படி எழுதிய பிறகு ஆர்க்கைவ் லாக்குகளுக்கு ரெகவரி ஏரியா பயன்படாது. வரம்பும் தானியங்கி நீக்கமும் அவற்றுக்கு இல்லை.

ஓஆர்ஏ-16018 வந்தால், எண் இல்லாத பழைய லாக்_ஆர்க்கைவ்_டெஸ்ட் அளவுருவையும் புதியதையும் கலந்திருக்கிறீர்கள். பழையதை எடுத்துவிடுங்கள். தொடங்கும்போது ஓஆர்ஏ-32004 வந்தால், யாரோ பழைய குறிப்பைப் பார்த்து லாக்_ஆர்க்கைவ்_ஸ்டார்ட்டை எழுதியிருக்கலாம். 10ஜி முதல் அது தேவையற்றது, தரவுத்தளம் அதையும் மீறித் திறந்துவிடும்.

ஓஆர்ஏ-19905 மட்டும் கொஞ்சம் கெட்டது. கோப்புப் பெயர் வடிவத்தில் %எஸ், %டி, %ஆர் மூன்றும் இருக்க வேண்டும். அந்த மாற்றம் அடுத்த தொடக்கத்தில்தான் நடப்புக்கு வரும் என்பதால், தவறு செய்த நாளில் எதுவும் தெரியாது. ஒரு மாதம் கழித்து யாரோ சர்வரை மறுதொடக்கம் செய்யும்போது தரவுத்தளம் எழாது. "கிரியேட் பிஃபைல் ஃப்ரம் எஸ்பிஃபைல்" கொடுத்து, அந்த உரைக்கோப்பில் வரியைத் திருத்தி, அதைக் கொண்டு தொடங்குங்கள். பிறகு அதிலிருந்து எஸ்பிஃபைலை (தரவுத்தளம் இயல்பாகப் படிக்கும் அளவுருக் கோப்பை) திரும்ப உருவாக்குங்கள்.

அறிகுறி 5: ஆஃப் செய்ய விடமாட்டேன் என்கிறது

சோதனை தரவுத்தளம், பயிற்சி தரவுத்தளம், தேவைப்பட்டால் மூலத்திலிருந்து திரும்ப ஏற்றிக்கொள்ளக்கூடியது என்றால் ஆஃப் செய்வதில் தவறில்லை. படிகள் அறிகுறி 2-இல் சொன்னவையேதான். நடுவில் "நோஆர்க்கைவ்லாக்" என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

ஓஆர்ஏ-38774 வந்தால் ஃப்ளாஷ்பேக் இயக்கத்தில் இருக்கிறது. "ஆல்டர் டேட்டாபேஸ் ஃப்ளாஷ்பேக் ஆஃப்" கொடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். 38781 என்றால் உறுதியளிக்கப்பட்ட ரெஸ்டோர் பாயின்ட் இருக்கிறது, அறிகுறி 1-இல் சொன்னபடி விசாரித்து ட்ராப் செய்யுங்கள்.

ஸ்டாண்ட்பை இருந்தாலோ, கோல்டன்கேட் (மாற்றங்களை வேறு தரவுத்தளத்துக்கு அனுப்பும் மென்பொருள்) இந்தத் தரவுத்தளத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தாலோ ஆஃப் செய்யும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். அவை இரண்டும் இந்த லாக்குகளை நம்பித்தான் வாழ்கின்றன.

தரவேற்றம் வேகமாக நடக்கத்தான் ஆஃப் செய்யப்போகிறீர்கள் என்றால் வேறு வழி இருக்கிறது. அந்த டேபிளை மட்டும் நோலாகிங் ஆக்கி, அப்பெண்ட் குறிப்போடு இன்சர்ட் செய்தால் ரீடோ வெகுவாகக் குறையும். ஃபோர்ஸ் லாகிங் (எல்லா மாற்றத்தையும் ரீடோவில் எழுதவைக்கும் அமைப்பு) இயக்கத்தில் இருந்தால் மட்டும் இது பலிக்காது, வி$டேட்டாபேஸில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றி முடித்ததும் அந்த டேட்டா கோப்புகளுக்குப் பேக்கப் எடுப்பது கட்டாயம்.

அறிகுறி 6: நிற்கவில்லை, ஆனால் உச்ச நேரத்தில் திணறுகிறது

அலர்ட் லாக்கில் "கேன் நாட் அலோகேட் லாக், ஆர்க்கைவல் ரெக்வயர்டு" என்ற வரி இருக்கிறதா? அதன் பக்கத்து வீட்டுக்காரரான "செக்பாயின்ட் நாட் கம்ப்ளீட்" இருந்தால் இந்தப் பகுதி உங்களுக்கு இல்லை, அது எழுதும் வேகம் சார்ந்த வேறு பிரச்சினை.

வி$லாக்கில் ஆர்க்கைவ்டு நெடுவரிசையில் எத்தனை குழுக்கள் "நோ" என்று நிற்கின்றன என்று பாருங்கள். ஒன்றைத் தவிர எல்லாமே அப்படி நின்றால் நகலெடுப்பு பின்தங்குகிறது. லாக் மாற்றம் உச்ச நேரத்தில் நிமிடத்துக்கு ஒருமுறை நடந்தால் முதலில் பெரிய அளவில் புதிய ரீடோ குழுக்களைச் சேருங்கள். தரவுத்தளம் திறந்திருக்கும்போதே சேர்க்கலாம். பழைய சிறிய குழுக்கள் இன்ஆக்டிவ் நிலைக்கு வந்து ஆர்க்கைவும் ஆன பிறகு ஒவ்வொன்றாக நீக்கலாம். உச்ச நேரத்தில் கால் மணிக்கு ஒரு மாற்றம் என்ற அளவுக்குக் கொண்டுவந்தால் நிம்மதி.

அதற்கும் அடங்காவிட்டால் லாக்_ஆர்க்கைவ்_மேக்ஸ்_பிராசஸஸை இயல்பான 4-இலிருந்து கூட்டிப் பாருங்கள். கடைசியாகச் சந்தேகிக்க வேண்டியது டிஸ்க். ரீடோவும் ஆர்க்கைவும் ஒரே டிஸ்கில் இருந்தால் எழுதுவதும் படிப்பதும் ஒன்றையொன்று இழுத்துப்பிடிக்கும். ஆர்க்கைவை வேறு டிஸ்குக்கு மாற்றி ஓர் உச்ச நேரத்தைக் கவனியுங்கள். அப்போதும் ஐஓஸ்டாட்டில் (டிஸ்க் செயல்பாட்டைக் காட்டும் லினக்ஸ் கட்டளை) காத்திருப்பு நேரம் இறங்கவில்லையென்றால், அந்த எண்களோடு ஸ்டோரேஜ் பொறியாளரை அழையுங்கள். வெறும் "மெதுவாக இருக்கிறது" என்று சொல்லி அழைத்தால் அவர் முதலில் கேட்கப்போவதும் அந்த எண்களைத்தான்.